புதுக்க வேண்டிய மாசம்

போன மாசம் எங்க ஆபீஸில் ஒரு சின்ன சண்டை. சண்டைன்னா கைகலப்பு எல்லாம் இல்லைங்க, மென்பொருள்காரங்க சண்டை. வெள்ளைப் பலகையில் கோடு போட்டுப் போட்டு அழிக்கிற சண்டை. ஒரு தொழில்முறைச் சங்கத்துக்கு உறுப்பினர் கணக்கு புதுப்பிக்கிற மென்பொருள் எழுதிக்கிட்டிருக்கோம். வருஷச் சந்தா முடியறதுக்கு எத்தனை நாளைக்கு முன்னாடி நினைவூட்டல் மெயில் அனுப்பணும்? முப்பதா, ஏழா, ஒண்ணா? மூணு தடவை அனுப்பினா நச்சரிப்புன்னு ஒருத்தர். ஒரு தடவை மட்டும் அனுப்பினா பாதிப் பேர் பார்க்கவே மாட்டாங்கன்னு இன்னொருத்தர். காலாவதி ஆனா கணக்கை அழிச்சிடலாமா, தூங்க வைக்கலாமா, திரும்ப வந்தா பழைய சேர்ந்த தேதியைக் கொடுக்கலாமா, புதுசா ஆரம்பிக்கணுமா?

இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் நான் கொஞ்சம் உரக்கப் பேசிட்டேன் போல. "பழைய தேதியைத் திருப்பிக் கொடுத்துதான் ஆகணும்"னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பொதுவா இந்த மாதிரிக் கூட்டத்தில் நான் காபியைக் குடிச்சிட்டு சும்மா இருக்கிற ஆள் :-)

காரணம் அங்கே சொல்லலை. இங்கே சொல்றேன்.

திருவனந்தபுரத்தில் வளர்ந்தவங்க வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் மூணு காகிதம் கட்டாயம் இருக்கும். ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டு. தமிழ்நாட்டுக்காரங்களுக்கும் இது புதுசு இல்லை, 'வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிஞ்சாச்சா?'ன்னு கேட்காத மாமா எந்த ஊரில் உண்டு? பதிஞ்சதும் நம்ம கையில் கொடுக்கிற அடையாள அட்டைக்கு அலுவலக பாஷையில் எக்ஸ்-10னு பேர். அவங்க அலமாரியில் வச்சுக்கிற அட்டை எக்ஸ்-1. நம்ம அட்டையில் பதிவு எண், தேதி, படிப்பு, அப்புறம் புதுப்பிக்க வேண்டிய மாசமும் வருஷமும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மாசத்தில் போய் முத்திரை வாங்கணும். சலுகையா கொஞ்ச நாள் கூடுதலாக் கிடைக்கும். அதையும் விட்டா, பதிவு மூப்பு போச்சு. மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிக்கணும்.

எங்க அப்பா சாலை பஜாரில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். தேதி விஷயத்தில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. கடையில் ஆவணி ஒண்ணாம் தேதி, கொல்லம் ஆண்டு பிறக்கிற அன்னைக்கு, புதுப் பேரேடு போடுவாங்க. அன்னைக்கே வீட்டுக்கும் ஒரு நோட்டு. பழைய நோட்டில் இருந்து வரிசையா எடுத்து எழுதுவார். இன்சூரன்ஸ் எந்த மாசம், வீட்டு வரி எப்போ, அக்கா கார்டு எப்போ புதுக்கணும். 'புதுப்பிக்கணும்'னு அவர் சொல்ல மாட்டார், திருவனந்தபுரத்துத் தமிழ், 'புதுக்கணும்'தான். எங்க வீட்டுக்கு நினைவூட்டல் கடிதம்னு எதுவும் வந்ததில்லை. தேவையும் இல்லைன்னு அப்பா நினைச்சார். அட்டையிலேயே மாசம் எழுதியிருக்கு, அதை விட என்ன வேணும்?

அக்கா 1979 ஜூனில் பதிஞ்சா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், அப்புறம் டைப்ரைட்டிங்கும் சேர்த்து எழுதினாங்க. 82 ஜூன், 85 ஜூன், ரெண்டு தடவை அப்பாவே கூட்டிக்கிட்டுப் போய் முத்திரை வாங்கினார். அடுத்தது 88 ஜூன். அந்த ஜூனில் அக்கா முதல் பிரசவத்துக்கு எங்க வீட்டில் இருந்தா. அப்பா கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கிட்டிருந்தார். கார்டை என் கையில் கொடுத்து, "மக்களே, இந்த மாசத்துக்குள்ள புதுக்கிரணும், மறந்துராத"ன்னார். நான் டிகிரி படிச்சிக்கிட்டிருந்தேன். கார்டை ஒரு பாடப் புத்தகத்துக்குள் வச்சுக்கிட்டுக் கிளம்பினேன். தம்பானூரில் அக்னி நட்சத்திரம் ஓடிக்கிட்டிருந்தது.

மீதியை நீங்களே ஊகிச்சிருப்பீங்க. இன்னைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு ஜூன் போச்சு. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் யாரும் கேட்கலை. ஓண லீவு முடிஞ்சு, பரீட்சைக்குன்னு புத்தகத்தைத் திறந்தா கார்டு விழுந்தது. கூடுதல் நாளும் கடந்து போயிருந்தது. ஒன்பது வருஷ மூப்பு.

சரி, நம்ம சோகத்தை இங்கே நிறுத்திட்டு, இந்த அட்டை எங்கேயிருந்து வந்ததுன்னு பார்ப்போம். ரொம்ப வருஷமா மனசில் கிடந்த விஷயம், இப்போதான் உட்கார்ந்து படிச்சேன்.

மூலம் வெள்ளைக்காரன் ஊர். 1909ல் பிரிட்டனில் தொழிலாளர் பரிமாற்ற நிலையங்களுக்குச் சட்டம் வந்தது. கொண்டு வந்த மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில்! யோசனைக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். 1910 பிப்ரவரியில் கதவு திறந்தாங்க. வேலை இருக்கிற இடமும் ஆள் இருக்கிற இடமும் ஒண்ணுக்கொண்ணு தெரியாமல் கிடக்கு, நடுவில் ஒரு கவுண்டர் போட்டா ரெண்டும் சேரும் என்கிறது யோசனை.

இந்தியாவுக்கு வந்தது வேற காரணத்துக்கு. ரெண்டாம் உலகப் போர் முடியுது, லட்சக்கணக்கான சிப்பாய்களையும் போர்த் தொழிற்சாலை ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பணும். அவங்களுக்கு வேலை தேடிக் கொடுக்கத்தான் 1945 ஜூலையில் இந்த அமைப்பு. அப்புறம் பிரிவினை அகதிகள். 1948 தொடக்கத்தில்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது. ஆக, 'லைவ் ரெஜிஸ்டர்'னு ஒரு ஏடு, அதில் பேர் இருக்கிறவன் இன்னும் வேலை தேடறான்னு அர்த்தம். வேலை கிடைச்சவன் வந்து சொல்லிட்டுப் போவானா? மாட்டான். அப்போ ஏட்டில் உயிரோட இருக்கிறது யாருன்னு எப்படித் தெரியும்? புதுப்பிக்க வராதவன் பேரை எடுத்துடு. அவ்வளவுதான் தத்துவம். நாங்க மென்பொருளில் செய்யறதும் இதேதான், பேர்தான் வேற.

1952ல் சிவராவ் கமிட்டின்னு ஒண்ணு போட்டு, அது 1954ல் அறிக்கை கொடுத்து, அதன்படி அன்றாட நிர்வாகத்தை மாநிலங்கள் கையில் விட்டாங்க. எந்த நாளில் தெரியுமா? 1956 நவம்பர் 1. கேரளம் பிறந்த அதே நாள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்துக்குப் போன அதே நாள். அப்பா சாலையில், அவர் அம்மா நாகர்கோவிலில். "ராத்திரி படுக்கும்போது எல்லாரும் ஒரே ராஜ்யம், காலையில எந்திரிச்சா அம்மை வேற ராஜ்யம்"னு சொல்லிச் சிரிப்பார். அப்பாவின் அந்தக் காலை வேளையில்தான் இந்தக் கவுண்டரும் கேரள சர்க்கார் கைக்கு வந்திருக்கு. அவருக்கு அது தெரியாது, எனக்கும் இப்போதான் தெரியும்.

திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலைன்னா சும்மா சம்பளம் இல்லைங்க. அதுக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கு, அதில் நம்ம ஆளுங்களுக்கும் பங்கு உண்டு, கொஞ்சம் சங்கடமான பங்கு. 1891 ஜனவரி 1 அன்னைக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்க கையெழுத்துப் போட்ட மனு ஒண்ணு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்குப் போச்சு. மலையாளி மெமோரியல்னு பேர். உயர்ந்த உத்தியோகம் எல்லாம் வெளியில் இருந்து வந்தவங்களுக்கே போகுது, மண்ணின் மைந்தர்களுக்கு இல்லைன்னு குறை. வெளியில் இருந்து வந்தவங்கன்னா பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்கள். வெளிநாட்டில் உட்கார்ந்து விசா வரிசையில் நிக்கிற நமக்கு இந்த வாதம் எந்தப் பக்கத்தில் இருந்து கேட்டாலும் பழக்கப்பட்ட வாதம்தான். அஞ்சு வருஷம் கழிச்சு, 1896ல், டாக்டர் பல்பு தலைமையில் ஈழவர்கள் 13,176 கையெழுத்தோட இன்னொரு மனு கொடுத்தாங்க. பல்பு சென்னையில் டாக்டருக்குப் படிச்சவர். சொந்த ராஜ்யத்தில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் சர்க்காரில் போய்ச் சேர்ந்தவர். அவரும் ஒரு விதத்தில் நம்ம மாதிரி ஊரை விட்டுப் போன தொழில்காரர்.

அப்புறம் 1930களில் நிவர்த்தனப் போராட்டம், அதன் பலனா பப்ளிக் சர்வீஸ் கமிஷனர்னு ஒரு பதவி. 1936ல் டாக்டர் ஜி. டி. நோக்ஸ் பொறுப்பேத்துக்கிட்டார். அதன் வாரிசுதான் இப்போ பட்டத்தில் இருக்கிற கேரள பி.எஸ்.சி. சாதிக்கும் சிபாரிசுக்கும் பதிலா வரிசை, எண், தேதி. இதுக்காக எவ்வளவு பேர் எவ்வளவு காலம் மனு எழுதியிருக்காங்கன்னு யோசிச்சா, அந்தத் தேதி மேல் ஜனங்களுக்கு ஏன் அவ்வளவு பயமும் பக்தியும்னு புரியும். வரிசை ஏற்பட்டது நியாயத்துக்காக. ஆனா வரிசைன்னா அதில் இருந்து விழறதும் உண்டு.

கேரளத்தில் நிரந்தர வேலை பி.எஸ்.சி. வழியா. தற்காலிக வேலை எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியா. தற்காலிகம்னா 179 நாள். ஏன் 180 இல்லைன்னு கேட்டா, ஆறு மாசம் முழுசா வேலை பார்த்துட்டேன், நிரந்தரமாக்குன்னு யாரும் உரிமை கேட்டுடக் கூடாது என்கிற ஜாக்கிரதைன்னு ஊரில் சொல்வாங்க. '179 நாள் வேலை' என்கிறது அங்கே ஒரு தனிச் சொல்லாவே ஆகிடுச்சு. அந்த நாள் முடிஞ்சதும் விடுதலைச் சான்றிதழை 90 நாளுக்குள் எக்ஸ்சேஞ்சில் கொண்டு போய்க் காட்டணும், காட்டினா மூப்பு தொடரும். ஆக வேலை கிடைச்சா ஒரு காலாவதி, கிடைக்காட்டா ஒரு காலாவதி.

இதில் வேடிக்கை என்னன்னா, 1959ல் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கணும்னு மத்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டு, 1960 மே 1ல் இருந்து அமலுக்குக் கொண்டு வந்தது. அறிவிக்கணும், சரி. ஆனா எக்ஸ்சேஞ்ச் அனுப்பற ஆளைத்தான் எடுக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு அதே சட்டத்தில் எழுதியிருந்தது! 1996ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், எக்ஸ்சேஞ்ச் பட்டியலை மட்டும் வச்சு ஆள் எடுக்காதீங்க, பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து எல்லாரையும் பாருங்கன்னு சொல்லிடுச்சு. 2020ல் நாடாளுமன்றம் இயற்றின சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 1959 சட்டத்தையே தனக்குள் இழுத்துக்கிட்டது. அதில் எக்ஸ்சேஞ்ச் என்கிற பேர் போய் 'கேரியர் சென்டர்' ஆச்சு.

இருந்தாலும் ஜனங்க புதுப்பிக்கிறதை விடலை. 2000களில் கேரளத்து லைவ் ரெஜிஸ்டரில் 40 லட்சத்துக்கு மேல் பேர் இருந்தாங்க. 2001 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே 3 கோடியே 18 லட்சம்தான். எட்டுப் பேருக்கு ஒருத்தர்! தமிழ்நாட்டில் 2010களில் இது 80 லட்சத்தைத் தாண்டிச்சு. இதை வச்சு 'இவ்வளவு பேர் வேலை இல்லாமல் இருக்காங்க'ன்னு தலைப்புச் செய்தி போடுவாங்க. எனக்கு அதில் பெரிசா நம்பிக்கை கிடையாது. படிச்சிக்கிட்டிருக்கிற பிள்ளைங்க, தனியார் வேலையில் இருக்கிறவங்க, துபாயில் ஏ.சி. மெக்கானிக்கா இருக்கிறவன்னு எல்லார் பேரும் அதில் இருக்கும். துபாய்க்காரன் கார்டை ஊரில் அவன் அப்பா புதுப்பிச்சிக்கிட்டிருப்பார். என் அப்பாவும் அதைத்தான் செஞ்சார்.

நாடோடிக்காற்று படம் பார்த்திருப்பீங்க, 1987ல் வந்தது. பி.காம். முதல் வகுப்பு தாசனும் விஜயனும் துபாய் போறதா நினைச்சுக் கள்ளத்தோணி ஏறி, நம்ம சென்னைக் கடற்கரையில் போய் இறங்குவாங்க. அந்தப் படத்தைத் திருவனந்தபுரத்தில் பார்த்தப்போ தியேட்டரே விழுந்து விழுந்து சிரிச்சது. தமிழில் அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி வறுமையின் நிறம் சிவப்பு. ரெண்டுக்கும் விஷயம் ஒண்ணுதான், ஒண்ணு சிரிக்க வச்சுது, ஒண்ணு பசியைக் காட்டிச்சு. சிரிச்சவங்க சட்டைப் பையிலும் அந்தக் கார்டு இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த மூப்புக்கு இன்னும் கனம் அதிகம். பல வருஷம் பள்ளிக்கூட வாத்தியார் வேலையே பதிவு மூப்பு வச்சுத்தான் கொடுத்தாங்க. பயிற்சி முடிச்சுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கார்டை மட்டும் புதுப்பிச்சிக்கிட்டு, தலையில் நரை விழுந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த ஆசிரியைகள் நம்ம சொந்தத்திலேயே இருப்பாங்க. 2012க்குப் பிறகு தகுதித் தேர்வு மார்க்குன்னு ஆனப்போ, அத்தனை வருஷம் காத்திருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தேர்வு வேண்டாம்னு நான் சொல்ல வரலை. நடுவழியில் வரிசையைக் கலைச்சா நின்னவங்க கதி என்னன்னுதான் கேட்கிறேன்.

மறந்து போனவங்களுக்காக சர்க்கார் ஒரு வழி வச்சிருக்கு, அதைச் சொல்லணும். கேரளத்தில் 'ஸ்பெஷல் ரினியூவல்'. சில வருஷத்துக்கு ஒரு தடவை, இன்ன வருஷத்தில் இருந்து இன்ன வருஷம் வரைக்கும் புதுப்பிக்கத் தவறினவங்க வந்து பழைய மூப்போடயே புதுப்பிச்சுக்கலாம்னு உத்தரவு வரும். சமீப வருஷங்களில் வந்த உத்தரவுகளில் இருபது வருஷத்துக்கு முந்தின தவறுகளுக்குக் கூட மன்னிப்பு உண்டு. அந்த 90 நாள் சான்றிதழைக் காட்டத் தவறினவங்களுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டிலும் 2021ல், 2014 முதல் 2019 வரைக்கும் தவறவிட்டவங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சு எந்த ஒரு வணிக நிறுவனமும் இவ்வளவு தாராளம் கிடையாது. நம்ம விமானக் கம்பெனி மைல்களை ஒரு நாள் தவறவிட்டுப் பாருங்க, தெரியும்!

ஆனா மன்னிப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்கும் பேப்பர் படிக்கணுமே. நாலாம் பக்கத்து மூலையில் வர்ற செய்தி அது. அப்பா மாதிரி ஆள் வீட்டில் இருந்தாத்தான் கண்ணில் படும்.

பி.எஸ்.சி. பக்கம் இன்னும் கடுமை. ரேங்க் லிஸ்டுக்கு ஆயுசு குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் மூணு வருஷம். பரீட்சை எழுதி, ரேங்க் வாங்கி, பட்டியலில் பேர் அச்சாகி, அப்புறமும் உத்தரவு வராமல் பட்டியலே செத்துப் போகலாம். பட்டியல் முடியற கடைசி நாள் நள்ளிரவு வரைக்கும் வந்து சேர்ற காலியிடங்கள் கணக்கில் சேரும்னு, பட்டியலில் இருக்கிற பிள்ளைங்க ஒவ்வொரு டிபார்ட்மென்டா ஏறி இறங்கி, 'உங்ககிட்ட இருக்கிற காலியிடத்தைச் சீக்கிரம் எழுதி அனுப்புங்க'ன்னு கெஞ்சுவாங்க. 2021 பிப்ரவரியில் செக்ரடேரியட் வாசலில் நடந்தது ஞாபகம் இருக்கும். கடைநிலை ஊழியர் பட்டியலில் இருந்தவங்களும் போலீஸ் பட்டியலில் இருந்தவங்களும் வெயிலில் தார் ரோட்டில் முட்டி போட்டு நடந்தாங்க. போலீஸ் பட்டியல் முந்தின வருஷம் ஜூனிலேயே காலாவதி. மத்த சில பட்டியல்களுக்கு ஆகஸ்ட் 4 வரைக்கும் ஆயுசு நீட்டிச்சாங்க. 2025 ஏப்ரலில் பெண் போலீஸ் பட்டியல் முடியப் போகுதுன்னு அதே வாசலில் அதே காட்சி, இந்தத் தடவை பெண்கள். பட்டியல் ஏப்ரல் 19ல் முடிஞ்சது.

சர்க்கார் பக்கமும் ஒரு நியாயம் இருக்குங்க. ஒரு பட்டியலை நீட்டினா, அடுத்த பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருக்கிற பிள்ளை காத்திருக்கணும். ஒருத்தருக்குக் கொடுக்கிற ஆயுசு இன்னொருத்தரிடம் இருந்து எடுத்தது. இதுக்கு எனக்கு விடை தெரியலை. முட்டி போட்டு நடந்த பிள்ளைங்க படத்தை மெல்போர்னில் உட்கார்ந்து பார்த்தப்போ மட்டும் நியாயம் எல்லாம் மறந்து போச்சு.

நினைவூட்டல் விஷயத்தில் பி.எஸ்.சி. இப்போ எவ்வளவோ மாறிடுச்சு. ஒரே தடவை பதிஞ்சு ஒரு கணக்கு வச்சுக்கலாம், செல்போனுக்குச் செய்தி வரும். 2018ல் இருந்து, பரீட்சைக்கு நான் வருவேன்னு முன்கூட்டியே கணக்கில் உறுதி சொல்லணும், சொல்லாதவங்க விண்ணப்பம் தள்ளுபடி. லட்சக்கணக்கில் விண்ணப்பம் போட்டுட்டு வராமல் போறவங்களால் கேள்வித்தாளும் பள்ளிக்கூட பெஞ்சும் வீணாப் போகுதுன்னு கொண்டு வந்தது. எக்ஸ்சேஞ்ச் பதிவையும் இப்போ வீட்டில் இருந்தே இணையத்தில் புதுப்பிக்கலாம். 1988ல் இது இருந்திருந்தா நான் தியேட்டர் வரிசையில் நின்னுக்கிட்டே முடிச்சிருப்பேன். இல்லை, அப்பவும் நாளைக்குன்னு தள்ளிப் போட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

அக்கா விஷயத்துக்கு வர்றேன்.

கார்டை அப்பாகிட்டக் கொடுக்க ரெண்டு நாள் ஆச்சு எனக்கு. வாங்கிப் பார்த்தார், நோட்டைத் திறந்தார், 'ஜூன்' பக்கத்தில் அவர் எழுதி வச்சிருந்த வரிக்கு நேரே ஒண்ணும் எழுதாமல் மூடினார். திட்டவே இல்லை. அடி வாங்கியிருந்தா இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது. அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கிட்டு, "போட்டும் தம்பி, இனி எனக்கு எங்க வேலைக்குப் போகப் பற்றும்?"னா. குழந்தை முகத்தைப் பார்த்துக்கிட்டுச் சொன்னா, என்னைப் பார்க்கலை.

அப்பா அந்த வாரமே அவளைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் புதுசாப் பதிஞ்சார். 1988 செப்டம்பர். அவளோட 79ல் வரிசையில் நின்ன சினேகிதி ஒருத்திக்கு 90ல் முதல் அழைப்பு வந்தது. 179 நாள், டைப்பிஸ்ட். அதுக்கப்புறம் இன்னொரு 179. அந்த அனுபவத்தோட பி.எஸ்.சி. எழுதி நிரந்தரமும் ஆகிட்டாங்க. அக்காவும் அப்படி ஆகியிருப்பாளான்னு யாருக்குத் தெரியும்? ஆகாமலும் போயிருக்கலாம். அத்தானுக்கு அப்போ நிலையான வருமானம் இல்லை, வீட்டு வாடகைக்கே இழுபறி, அது மட்டும் எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு அழைப்பு வந்தது 1997ல். நான் அப்போ சிங்கப்பூர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. 179 நாள் வேலை பார்த்தா. முடிஞ்ச மறுநாளே சான்றிதழை எடுத்துக்கிட்டு எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்னாளாம், 90 நாளில் ஒரு நாளைக்கூட வீணாக்கலை. யாரையும் அனுப்பவும் இல்லை. அம்மா போனில் சொன்னாங்க. நான் "நல்லது"ன்னு மட்டும் சொன்னேன்.

என் கார்டு கதை இன்னும் கேவலம். 1990 ஜூலையில் டிகிரி முடிச்சதும் பதிஞ்சேன். 93, 96 நான் போனேன். 99லும் 2002லும் நான் கடல் கடந்த பிறகும் அப்பாதான் புதுக்கினார். "அவனுக்கு எதுக்கு, அவன்தான் டாலரில் சம்பாதிக்கிறானே"ன்னு அம்மா கேட்டா, "இருக்கட்டும், திரும்பி வந்தா?"ம்பாராம். 2004ல் அப்பா போயிட்டார். 2005 ஜூலை வந்தது, போச்சு. நோட்டில் அந்த வரி இருந்திருக்கும். எடுத்து எழுதத்தான் ஆள் இல்லை.

பின்னால் வந்த ஒரு ஸ்பெஷல் ரினியூவல் செய்தியைப் படிச்சப்போ கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2005ல் தவறினது அந்தச் சலுகைக்குள் வந்தது. அதாவது ஊரில் இருந்திருந்தா 1990 மூப்போட நான் மறுபடி வரிசையில் நின்னிருக்கலாம். அதுக்குள்ளே ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியாச்சு. என் தவறுக்கு மன்னிப்பு வந்தது, அக்காவுக்கு நான் செஞ்ச தவறு அந்தக் கணக்கில் வரவே இல்லை.

எங்க ஆபீஸ் விவகாரம் என்னாச்சுன்னு கேட்பீங்க. முப்பது நாள், ஏழு நாள், ஒரு நாள், மூணு மெயிலும் உண்டு. முடிஞ்ச பிறகு இன்னொண்ணு. அதில் 'உங்க கணக்கு அப்படியே இருக்கு, 90 நாளுக்குள் வந்தா பழைய சேர்ந்த தேதியே தொடரும்'னு ஒரு வரி. ஏன் 90ன்னு கேட்டாங்க. சும்மா ஒரு எண்ணுன்னு சொல்லிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோட பேசினப்போ இதையெல்லாம் சொன்னேன். முப்பத்தேழு வருஷத்துக்கு மேலாச்சு, முதல் தடவையா அந்த ஜூன் மாசத்தைப் பத்தி நானே பேச்சை எடுத்தேன். அவ சிரிச்சா. "சினிமா நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டா. அவளுக்கு அது தெரியும்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது!

அந்தப் பழைய கார்டு இருக்கா அக்கா, இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்னு கேட்டேன். "அதெல்லாம் எங்க கிடக்கோ, வீடு மாறினப்போ போயிருக்கும், தேடிப் பார்க்கேன்"னா.

பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் வந்துடுச்சு. பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கா. 82க்கு ஒரு முத்திரை, 85க்கு ஒரு முத்திரை, அடுத்த கட்டம் காலி.